அடி வளைந்த வீடு

பொழியூர் ஆனந்தபாயின் ஓட்டுவீடு போன இடவப்பாதி மழையில் கடலில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பியது. அடுப்பில் கொதித்த மீன்கறி ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை இதை நம்பாத ஆள் ஒருவர்தான், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் சதாசிவன். மாம்பழத்தையே ஸ்கேல் வைத்து வரையக் கற்றுக்கொடுத்தவர். அன்று தான் வீட்டில் உறங்கிக் கிடந்ததாகவும், ஊர்க்காரர்களுக்குக் கண் பிசகிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் இடத்துக்கு வந்தவர் சிஜி டீச்சர். முதல் நாளே பிள்ளைகளின் அழிக்கிற ரப்பரையெல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டினார். "தப்பிப்போனா அழிக்கண்டாம் மக்கா. அது எங்க போகணும்னு சொல்லுதோ, அங்க விட்டுப் பிடி." தீபு காக்காய் மேல் நீலத்தைக் கொட்டிவிட்டு, அதற்கொரு பச்சை வாலும் வைத்தான். மறுநாள் அந்தக் காக்காய் ரேஷன்கடை ஓட்டில் உட்கார்ந்திருந்தது. அனூஜின் தென்னை தாளில் இரண்டு முறை வளைந்தது. பக்கத்துச் செங்கல் ஊரில் ஒரு தென்னையும் அப்படியே வளைந்தது. தேங்காய் பறிக்கிறவர் நடுவளைவில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு மீதி ஏறினார். ஊர் பழகிக்கொண்டது.

ஜெஸ்மி மட்டும் ஒன்றும் வரையவில்லை. அப்பன் வள்ளத்தோடு கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அவளுக்கும் அம்மை ஆனந்தபாய்க்கும் எல்லாம் மரத்துக் கிடந்தது. முன்வரிசை வீடுகளைக் கடல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. அடுத்தது அவர்கள் வீடு. சாமானை மாற்றச் சொன்னால் ஆனந்தபாய், "எங்க கொண்டு வைக்க?" என்று கேட்டுவிட்டு உள்ளி உரிப்பாள். ஒருநாள் ஜெஸ்மி தாளெடுத்து வீடு வரைந்தாள். முன்பெல்லாம் வள்ளம் வரைந்தே பழகிய கை, அடியிலிருந்து ஒரு வளைவாகத் தொடங்கிவிட்டது. சும்மா பள்ளிக்கு வந்திருந்த சதாசிவன் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்கு அஸ்திவாரமாக்கும் வேணும். இது என்ன, மெதக்கப் போகுதோ?"

"மெதந்தா மெதக்கட்டும் சாரே," என்ற டீச்சர் ஜெஸ்மியிடம் திரும்பினார். "இனி இதுக்கு என்ன வேணும் மக்கா?" ஜெஸ்மி வாசற்படியில் ஒரு வடக்கயிறு வரைந்தாள்.

அந்த வாரமே கடல் வீட்டடி மணலை வாரியது. வீடு விழவில்லை, லேசாக ஆடி எழுந்து அலைமேல் போனது. ஜன்னலில் ஆனந்தபாய் கறி கிண்டுவது தெரிந்தது, அவள் வெளியே பார்க்கக்கூட இல்லை. படியில் நின்று ஜெஸ்மி வடத்தை வீசினாள். வள்ளம் இழுக்கிறமாதிரி ஊரே பிடித்திழுத்து, வீட்டை மேட்டில் கொண்டு நிறுத்தியது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது, கரண்ட் கனெக்‌ஷனும் மாற்றியாயிற்று.

போன மாதம் சாயாக்கடையில் சதாசிவன் மறுபடியும், "வீடாவது, மெதக்கியதாவது" என்று தொடங்கினார். பால் வாங்க வந்த ஆனந்தபாய் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாள்: "சாரு பிடிச்ச எடத்துல மட்டும் வடம் தொய்ஞ்சு கெடந்துது."

சதாசிவன் கிளாஸை டக்கென்று வைத்தார். "தொய்ஞ்சோ? நான் இழுக்காட்டி ஒனக்க வீடு இந்நேரம் கொளச்சல்ல கெடக்கும்."