கனடாவில் எலுமிச்சை மரம்

செத்தவீட்டுக் கிரியையில் சுண்ணம் இடிக்கிற உலக்கையை யோகேஸ்வரன் தூக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்துத்தான் அயல்வீட்டுப் பாலாம்பிகை வாயைத் திறந்தாள்.

“தம்பி, அக்கா கனடாவில உங்களோட நிண்ட நாலு மாசமும் சந்தோசமா இருந்தவவோ?”

உலக்கை இறங்கவில்லை. மந்திரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐயர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பாலாம்பிகை கேட்டது கிருஷ்ணராசாவிடம். பெட்டிக்குள் கிடப்பது யோகேஸ்வரனின் மனைவி நீலவேணி. இவர் அவளுடைய தம்பி, ரொறன்ரோவிலிருந்து முதல்நாள்தான் வந்து இறங்கியவர்.

“நல்ல சந்தோசமா இருந்தவ,” என்றார் கிருஷ்ணராசா, அத்தானைப் பார்த்துக்கொண்டே.

உலக்கை இறங்கியது. தேவைக்கு அதிகமாகவே இறங்கியது. மஞ்சள் தூள் புது வேட்டியில் தெறித்தது.

நீலவேணி ஒருநாளும் கனடாவுக்குப் போனதில்லை.

மகள் தர்மிகாவைக் கட்டிக்கொடுத்த கையோடு, இத்தாலியில் பலெர்மோ என்ற ஊருக்குப் போகப்போவதாக அவள் சொன்னாள். கூடப் படித்த வாணி அங்கே வீடுகள் துப்புரவாக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

“அங்க என்ன அலுவல்?”

“ஊர் பாக்க.”

“பாத்து?”

“பாக்கிறதுதான்.”

போகவேண்டாம் என்றார் யோகேஸ்வரன். போனாள். இரண்டு கிழமை என்று போனவள், வாணியின் மேல்மாடி அறையில் நாலு மாசம் நின்றாள். இதை லண்டன் நோர்பரியில் எப்படி வெளியில் சொல்வது? கோயில் பார்க்கப் போனாள் என்றால் சொல்லலாம். பிள்ளைப்பேறு பார்க்கப் போனாள் என்றால் தலை நிமிர்ந்தே சொல்லலாம். பேரப்பிள்ளை காணப்போகிற வயதில் ஒரு மனுசி புருசனை விட்டுவிட்டு, தெரியாத ஊரில் தெருத்தெருவாக நடந்து திரியப் போயிருக்கிறாள் என்றால் சனம் என்ன நினைக்கும்? சனம் நினைக்க முந்தி யோகேஸ்வரன் முந்திக்கொண்டார். கோயில் வாசலில் வைத்து, “தம்பி வீட்ட, கனடாவுக்குப் போயிருக்கிறா” என்றார்.

சனம் கேட்கக் கேட்க அவரும் கதையை வளர்த்தார். கிருஷ்ணராசாவின் மனைவி பனியில் வழுக்கிக் கால் முறித்தது அப்படித்தான். தன் கால் முறிந்த விசயம் அந்த மனுசிக்கு இன்றைக்கும் தெரியாது.

நீலவேணி திரும்பி வந்த அன்று நோர்பரி ஸ்டேசனுக்குப் போய், பெட்டியை வாங்கி இழுத்துக்கொண்டு, கட்டின நாளிலிருந்து நடக்கிற மாதிரியே அவளுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். சாப்பாட்டு மேசையில் அவள், “அங்க ஒரு சந்தை, அதில ஒரு மீன்காரன்...” என்று தொடங்கினாள். அவர் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். தன் கெட்டித்தனம் என்று கொஞ்சக் காலம் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். பிறகு, மறுபடி தொடங்கினால் இந்தமுறை சத்தத்தைக் குறைப்பது என்று தீர்மானித்தும் வைத்திருந்தார். அவள் தொடங்கவில்லை. தானாகக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. இப்படியே இரண்டு வருசம். பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள், சில கிழமைக்குள் எல்லாம் முடிந்துபோனது.

மரண அறிவித்தல் போடுவதற்கு யோகேஸ்வரன்தான் இருந்து எழுதினார். எங்கள் ஆட்கள் ஓர் ஊரில் நாலுநாள் மூச்சுவிட்டிருந்தாலே போதும், அறிவித்தலில் அந்த ஊருக்கும் இடம் உண்டு. கனடாவை விட்டால், ஏன் விட்டீர் என்று கேட்க நோர்பரியில் ஆளா இல்லை? ‘புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், லண்டன் நோர்பரியை வதிவிடமாகவும், கனடா ரொறன்ரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட’ என்று சேர்த்துவிட்டார்.

“அப்பா, பிளீஸ். பலெர்மோ எண்டு போடுங்கோ,” என்றாள் தர்மிகா.

“உனக்கென்ன விசரே?”

அவள் அதற்குப்பிறகு அவரோடு பேசவில்லை. தாயைப் போல.

இன்று காலை மண்டபத்துக் கார்ப்பார்க்கில் கிருஷ்ணராசா பிடித்துக்கொண்டார்.

“என்ன அத்தான், அக்காவை என்ர வீட்டில குடியேத்திப்போட்டியள்?”

“தம்பி, இண்டைக்கு மட்டும். வெம்பிளியில இருந்தெல்லாம் சனம் வந்திருக்கு. என்ர மானம் உம்மட கையில.”

“அங்க நிண்ட நேரம் ஒவ்வொரு பின்னேரமும் அக்கா எனக்குப் போன் எடுத்தவ. நீங்கள் ஒருநாளாவது அவவுக்கு எடுத்தனீங்களோ?”

யோகேஸ்வரன் சால்வையைச் சரிசெய்தார்.

“சரி விடுங்கோ. நான் அஞ்சலி உரையில என்ன சொல்ல?”

“கனடா எண்டே சொல்லும்.”

“ஓம். கனடா எண்டே சொல்லுறன்.”

இவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்ததுதான் யோகேஸ்வரனுக்கு உதைத்தது.

சுண்ணம் இடித்து முடிந்ததும் கிருஷ்ணராசாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

“அக்கா எங்கட கனடாவில நிண்ட நாள்களைப் பற்றிச் சொல்லுறன்,” என்று தொடங்கினார். யோகேஸ்வரன் மூச்சை விட்டார்.

“விடிய எழும்பினா, இண்டைக்கு எந்தப் பக்கம் போறது எண்டுதான் முதல் யோசினை. ஒருநாள் சந்தைப் பக்கம், ஒருநாள் பழைய துறைமுகப் பக்கம், ஒருநாள் மலைப் பக்கம். போனில மெப் பாக்கமாட்டா. துலைஞ்சாத்தான்ரா ஊர் பிடிபடும் எண்டுவா. சந்தையில ஒரு மீன்காரன். வாள்மீன்ர தலையை நிமித்தி வைச்சுக்கொண்டு பாட்டுப் படிச்சுப் படிச்சு விப்பான். அக்காவைக் கண்டா பாட்டை நிப்பாட்டிக் கும்பிடுவான்.”

யோகேஸ்வரனின் கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது. ரிமோட்டைத் தேடும் கை. வெறும் மஞ்சள் தூள்தான் அகப்பட்டது.

“கனடாவில ரோட்டில மீன் விக்க விடுறவங்களோ?” பாலாம்பிகை பக்கத்துக் கதிரையிடம் கேட்டாள்.

“துறைமுகப் பக்கத்தில, அந்தக் காலத்துச் சண்டையில குண்டு விழுந்த வீடுகள் இன்னும் அப்பிடியே கிடக்காம். கூரையில்லாத ஒரு வீட்டுக்குள்ள அத்திமரம் முளைச்சு நிக்குதாம். அதைப் பாத்து அக்கா படியில இருந்து அழுதவவாம். ஊரில எங்கட வீடும் இப்பிடித்தானே தம்பி கிடக்கும் எண்டா.”

“கனடாவில எப்பவப்பா குண்டு விழுந்தது?” ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ அதட்டி அடக்கினார்கள்.

கிருஷ்ணராசா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஊரின் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார், மற்றதெல்லாம் பின்னேரங்களில் அவள் சொன்னபடியே வந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரனால் நிறுத்தச் சொல்ல ஏலாது. அவரே சொல்லச் சொன்ன பொய். பிறகென்ன என்று கேட்கவும் ஏலாது. கேட்கத்தான் ஆசையாக இருந்தது. அவர் தன்னை அறியாமலே கதிரை நுனிக்கு வந்திருந்தார்.

“மேல்மாடி அறை. மாசி மாசம். ஜன்னலைத் திறந்தா கைக்கெட்டின தூரத்தில எலுமிச்சை மரம், காய்ச்சுக் குலுங்குதாம். பறிச்சுத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடிச்சிட்டுத்தான் நடக்க வெளிக்கிடுவா.”

இதற்குமேல் பாலாம்பிகையால் தாங்கமுடியவில்லை. “மாசியிலயோ! கனடாவிலயோ!”

மண்டபத்தில் தலைகள் திரும்பின. ஒவ்வொரு தலையாக வந்து கடைசியில் யோகேஸ்வரனில் நின்றது. முன்வரிசையில் தர்மிகா மட்டும் மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல்தரமாக அவளுடைய முகம் இளகியிருந்தது.

“ஒருநாள் கேட்டன், தனியத் திரியிறியள் அக்கா, பயமில்லையோ எண்டு.” கிருஷ்ணராசா அக்காவின் பெட்டியைப் பார்த்தார். “‘இல்லையடா. இஞ்ச எனக்கு முன்னால ஒருத்தரும் நடக்கேல்லை. முழு ஊரும் தெரியுது’ எண்டா.”

மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். கைதட்டுவதா அழுவதா என்று தெரியாமல் சனம் சும்மா இருந்தது.

ஐயர் கடைசித் தீபத்தைக் காட்டினார். வாய்க்கரிசி போட வரிசை நகர்ந்தது. தன் முறை வந்ததும் பாலாம்பிகை யோகேஸ்வரனின் பக்கம் குனிந்தாள்.

“கவலைப்படாதேங்கோ அண்ணை. அனுபவிச்சுத்தான் போயிருக்கிறா. எங்கை எண்டா என்ன.”

அவர் தலையை ஆட்டினார்.

பெட்டியை மூடினார்கள். ஆறு பேர் தோளில் ஏற்றினார்கள். ஊரில் என்றால் கொள்ளிச்சட்டியோடு அவர்தான் முன்னால் போகவேண்டியவர். இங்கே நெருப்புச் சட்டிக்கு அனுமதியில்லை. சவ அடக்கக் கம்பனியின் உயரத் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கைத்தடியோடு முன்னால் நடந்தான். யோகேஸ்வரன் வழமைபோல எழும்பி, பெட்டியைத் தாண்டி, தொப்பிக்காரனோடு சேர்ந்து விறுவிறென்று நாலு எட்டு வைத்துவிட்டார்.

“அண்ணை, பெட்டிக்குப் பின்னாலயெல்லோ வரவேணும்,” என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

அவர் ஒதுங்கி நின்றார். பெட்டி அவரைக் கடந்து போனது. தர்மிகா கடந்து போனாள்.

பிறகு அவரும் பின்னால் நடந்தார். பலகையும் தூக்கினவர்களின் முதுகுகளும்தான் தெரிந்தன.