உறைமேல் ஒரு திருமதி

ஆப்பரேஷன் முடித்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சாப்பாட்டு மேசைமேல் அந்த உறை கிடந்தது. நாத்தனார் மகள் கல்யாணப் பத்திரிகை. என் கணவர் பெயருக்கு முன்னால் டாக்டர். என் பெயருக்கு முன்னால் திருமதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் டாக்டர்தான், யார் இல்லையென்றது? கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார், ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். ஆனால் போன வருஷம் இதே நாத்தனாருக்குக் குடல்வால் வெடித்தபோது அறுத்துத் தைத்துப் பிழைக்கவைத்தவள் நான். அவளுக்கு நான் வெறும் திருமதி!

போனைப் போட்டேன்.

"பத்திரிகை வந்துச்சும்மா. என் பட்டத்த எப்போ பிடுங்கினீங்க?"

"ஐயோ அண்ணி, கோச்சுக்காதீங்க. நான் ரெண்டு பேருக்கும் டாக்டர்னுதான் எழுதியிருந்தேன். அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு. ரெண்டு டாக்டர் போட்டா ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கும்னாரு."

எங்கள் குடும்பத்தில் உறைமேல் யாருக்கு என்ன போடுவது என்று இவரிடம்தான் கேட்பார்கள். கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கர்னல் விட்டுப்போனால் மனிதர் பதறிவிடுவார். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்.

"வக்கீல் மாமா வீட்டுக்கு எப்படிப் போட்ட?"

"மாமா, அத்தை ரெண்டு பேருக்குமே வக்கீல்னுதான்." அவள் குரல் இறங்கியது. "அதுவும் அண்ணன் சொன்னதுதான் அண்ணி."

கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் முன்னால் உறையைப் போட்டேன். எடுத்துப் பார்த்தார். புரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை.

"ஒரு உறைக்கா இந்தக் கோபம்? பிரிச்சதும் குப்பைக்குப் போறது."

"குப்பைக்குப் போறத எதுக்கு மெனக்கெட்டு மாத்தச் சொன்னீங்க?"

"உன்ன டாக்டர்னு ஊருக்கே தெரியும். உனக்கு அத எழுதிக் காட்டணும்னே இல்ல. எனக்கு..." நிறுத்திக்கொண்டார்.

எனக்குத் தெரியாதா? எந்த விசேஷத்துக்குப் போனாலும் டாக்டர் வந்தாச்சா என்று கேட்பார்கள், அது என்னைத்தான். வாசலில் இவரே நின்றாலும் இவரைத் தாண்டி எட்டிப்பார்ப்பார்கள். ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தானே இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறேன்! இவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று எத்தனை இடத்தில் நானே பின்னால் நின்றிருக்கிறேன். அது போதவில்லை, தங்கைக்குப் போன் போட்டு என் பட்டத்தை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"சரி, விடு. இப்பவே திருத்திடறேன்" என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். திருமதியை அடிக்கப் போன கையைப் பிடித்தேன்.

"என்னோடத விடுங்க. உங்களோடத அடிங்க."

"என்ன விளையாடறியா?"

"ஒரு உறைதானே. குப்பைக்குத்தானே போகுது. அடிங்க."

சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பேனா உறையை நோக்கி இறங்கி, படாமல் நின்றது. அவருடைய இடது கை மட்டும் மெல்ல நகர்ந்து வந்து, தன் பெயருக்கு முன்னால் இருந்த அந்த எழுத்துகளைப் பொத்திக்கொண்டது.