துடைக்காத கடன்

லைல் பக்கெட், ஆர்னி ஸ்கோகுக்குத் தரவேண்டியது நாற்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். சீட்டாட்டத்தில் விட்ட காசு இல்லை. ஆர்கன்சாவில் லைலின் அம்மா கறந்துகொண்டிருந்த பசு செத்துப்போனது. வேறு பசு நாற்பத்தாறு டாலர், மணியார்டர் கூலி ஐம்பது சென்ட். ஸ்கோகு எண்ணிக் கொடுத்தான்.

"கன்னு போட்டா உன் பேரைத்தான் வைப்பேன்டா ஸ்கோகு."

"கிடேரியா இருந்தா?"

"மூஞ்சி உன்ன மாதிரி இருந்தா அப்பவும் அதே பேருதான்."

ஸ்கோகுக்கு நாற்பது வயது. சியாட்டிலில் மீன் டப்பா ஆலையில் முதுகு வளைந்த ஆள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படை அவனை அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவு ஒன்றில் கொண்டுவந்து தண்ணீரில் நிற்க வைத்தது. வேலை அதுதான். விமானம் கடலில் இறங்கிக் கரைக்கு வரும்போது ரப்பர் உடையோடு நெஞ்சளவு தண்ணீரில் போய், இறக்கையைப் பிடித்து, சரிவுப் பாதைக்குத் திருப்பிவிட வேண்டும். எந்தக் கோடையிலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும்.

அவர்களுடைய விமானத்தை எல்லோரும் வாத்து என்றுதான் சொன்னார்கள். இரண்டடுக்கு இறக்கை, கீழே படகு மாதிரி பெரிய வயிறு. தரையில் சக்கரத்தை இறக்கிக்கொள்ளும், தண்ணீரில் சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றால் இறங்கும். குண்டு போடப் போகிறவர்கள் அதைப் பார்த்தால் வாத்து மாதிரிக் கத்திக் காட்டுவார்கள். அடிபட்டுக் கிடந்தபோது அந்த வயிற்றுக்குள் படுத்து வந்தவன் மட்டும் கத்தமாட்டான். ஓடுபாதை இல்லாத தீவுகளுக்குத் தபால், ரத்தப் புட்டி, எஞ்சின் சாமான் எல்லாம் போனது அதில்தான். ஓட்டுபவர் விட்கோம்ப் என்கிற இளவட்ட அதிகாரி. பின்னால் உட்காரும் மெக்கானிக் லைல். தண்ணீரில் இறங்கும் முன்னால் சக்கரத்தை நினைவுபடுத்தி லைல் ஒவ்வொரு தடவையும் கத்துவான்: "சார், காலை மடக்கியாச்சா?" கரையில் நிற்கிற ஸ்கோகு வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள்.

அந்தப் பிப்ரவரியில் மேற்கே ஒரு தீவிலிருந்த கண்காணிப்பு நிலையத்திலிருந்து கம்பியில்லாச் செய்தி வந்தது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான், குடல் வெடித்திருக்கும் போல, உடனே வாருங்கள் என்று. வாத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பி மூடுபனிக்குள் போனது. திரும்பவில்லை. அன்று அடித்த காற்றில் அந்த நிலையத்தின் ரேடியோக் கம்பமும் சாய்ந்துவிட்டது போல, செய்தியும் இல்லை. தேடப் போன விமானங்கள் பனியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அவர்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் திரும்பவில்லை என்றால், சாப்பாட்டு நேரத்தில் தலைவர் டுவோராக் அவன் பேரைச் சொல்வார். அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தொகையைச் சொல்லி, "துடைச்சாச்சு" என்பார்கள். எல்லோரும் சொன்ன பிறகுதான் அவன் பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், கட்டிலை வேறொருவனுக்குக் கொடுப்பார்கள்.

டுவோராக் லைலின் பேரைச் சொன்னார். சமையல்காரன் பெனுவா எழுந்தான். "ரெண்டு டாலர். துடைச்சாச்சு." இன்னொருவன் ஒரு பாட்டில் விஸ்கியைத் துடைத்தான். ஸ்கோகு பன்றிக்கறியும் பீன்ஸும் தின்றுகொண்டிருந்தான்.

"ஸ்கோகு?" என்றார் டுவோராக்.

"அவன் எனக்குத் தரணும் சீஃப். வந்து தருவான்."

"டேய் கஞ்சப் பிசினாறி, அந்த மாட்டையாவது பார்சல்ல வரவழைச்சுக்கடா!" என்றான் பெனுவா. சிலர் சிரித்தார்கள். ஸ்கோகு தட்டை வழித்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அதே பதில்தான். புதிதாக வந்த ஆளுக்குப் படுக்க இடமில்லை என்றதும் ஸ்கோகு தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, லைலின் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தான். மேலே படுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

டுவோராக் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்க அம்மாவுக்கு நான் எழுதணும்பா. என்னன்னு எழுத?"

"பசு எப்படி இருக்குன்னு கேளுங்க."



ஒரு வாரம் கழித்து ஒரு மதியம் ரோந்துப் படகு ஒன்று வந்தது. அலையில் அது கரையை ஒட்ட முடியவில்லை. ஸ்கோகு தண்ணீரில் இறங்கினான். முதுகைக் காட்டு என்றார்கள். கம்பளி சுற்றிய ஒரு உடம்பை முதுகில் ஏற்றினார்கள். கால் இரண்டும் பனியில் வெந்து, துணி சுற்றியிருந்தது. விட்கோம்ப்.

"இன்னொருத்தன் எங்க?" ஸ்கோகு படகைப் பார்த்துக் கேட்டான்.

முதுகில் இருந்தவர்தான் சொன்னார்.

"சக்கரத்த மடக்கல நான்."

ஸ்கோகு நடந்தான். அலை முட்டியது.

"பனியில பாறை தெரியல, அதையே பாத்துக்கிட்டு வந்தேன். மடக்கிட்டதா நினைச்சேன். தண்ணியத் தொட்டதும் கவுந்திருச்சு. நான் வெளிய விழுந்தேன்."

"லைல் கத்தலியா?"

"பின்னால அவன் இல்ல. நோயாளிக்குப் படுக்கை விரிக்க வயித்துக்குள்ள இறங்கியிருந்தான். நான்தான் போகச் சொன்னேன். திரும்பத் திரும்ப முங்கிப் பாத்தேன் ஸ்கோகு. கதவு அடியில மாட்டிக்கிச்சு."

சக்கரம் இறங்கியபடி தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஸ்கோகுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலைகீழாகக் கிடக்கும் வயிற்றுக்குள் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்றுதான் நினைத்தான்.

"அந்த வயித்துவலிக்காரன்?"

"சிறுநீரகத்துல கல்லாம். மறுநாள் தானா இறங்கிருச்சு. அவன்தான் எனக்குக் கஞ்சி ஊத்தினான்."

கரையில் தூக்குக் கட்டிலில் இறக்கியபோது விட்கோம்ப் அவன் சட்டையை விடவில்லை.

"அவன் உனக்குத் தரவேண்டியத என்கிட்ட சொல்லியிருக்கான். நாப்பத்தாறு அம்பது. நான் தரேன். இன்னைக்கே தரச் சொல்றேன். வாங்கிக்க."

அந்த முகத்தை ஸ்கோகு பார்த்தான். இருபத்திமூன்று வயது இருக்கும். வாங்கிக்கொண்டால் இவன் இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவான். வாங்கித் தொலைக்கலாம்தான். ஆனால் கை வரவில்லை.

"அது உங்க கடன் இல்ல சார்."

"அப்ப என்னுது என்ன? நீயே சொல்லு."

"எனக்குத் தெரியல சார்." சட்டையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பளிக்குள் வைத்தான். "காலைப் பாருங்க மொதல்ல."

சாயங்காலம் கொட்டகையில் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. டுவோராக் லைலின் பேரைச் சொல்லவில்லை. பெனுவா ஸ்கோகின் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். ஸ்கோகு சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து நின்றான். ரப்பர் உடையைக்கூடக் கழற்றவில்லை, காலடியில் தண்ணீர் சொட்டியது.

"லைல் பக்கெட்," என்றான். எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான். "லைல் பக்கெட். நாப்பத்தாறு டாலர் அம்பது சென்ட். துடைச்சாச்சு."