பாறையைக் கேட்ட ஊமையன்

தம்பி வாசு சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்ததிலிருந்து வேணுகோபாலுக்குச் சோறு இறங்கவில்லை. அதே சுரங்கத்தின் மின் பட்டறையில் அவன் என்ஜினியர். பட்டறையின் பின்பக்கம் மூன்று வருஷம் அடைந்து கிடந்து ஓர் இரும்பு ஆளைச் செய்து முடித்தான். மண்டைக்குள் ரேடியோ வால்வுகள், முதுகில் சுரங்க ரயிலின் பாட்டரி. பாறைக்குள் விரிசல் ஓடும் ஓசை மனிதக் காதுக்கு எட்டுமுன் அதன் பாதங்களுக்கு எட்டிவிடும். எட்டியதும் அங்கே நிற்கும் ஆளைத் தூக்கி, ஓசை இல்லாத இடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை.

யார் என்ன சொன்னாலும் அது கேட்காது. வேண்டுமென்றே அப்படிச் செய்தான். கூட்டாளிகள் வெளியே வரச்சொல்லிக் கத்தியபோது, "இதோ இந்த ஒரு துளை மட்டும்" என்றானாம் வாசு. ஆபத்தில் நிற்பவனுக்கு ஆபத்து தெரியாது என்று வேணுகோபால் முடிவுகட்டியிருந்தான்.

வாய் இல்லாததால் ஆட்கள் அதற்கு ஊமையன் என்று பெயர் வைத்தார்கள். கீழே இறங்கிய முதல் வாரமே மேஸ்திரி மரியகுழந்தையையும் இன்னும் இரண்டு பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் நிற்கும் இடத்தில் இறக்கியது. சற்று நேரத்தில் அவர்கள் வேலை செய்த இடம் முழுசாகச் சரிந்தது.

"இன்னா சார் இது! கொயந்தைய தூக்கற மாரி தூக்கினு வந்துடுச்சு!" என்று மரியகுழந்தை அழுதான். மறுநாள் ஊமையனின் நெற்றியில் சந்தனமும் கழுத்தில் சாமந்தி மாலையும் இருந்தன. வேணுகோபால் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் பேச்சு மாறிவிட்டது.

"சார், அது எங்கள உள்ளாறவே வுடமாட்டேங்குது. நேத்து சம்பங்கி திமிறினான். கை ஒடிஞ்சி பூடுச்சு."

"பாறைச் சத்தம் கேட்டிருக்கும் மேஸ்திரி."

"கீய எந்நேரமும் சத்தந்தான் சார். அதுக்கோசரம் வேல செய்யாம இருக்க முடியுமா?"

கேட்கக் கேட்கக் காது கூர்மையாகும்படி வேணுகோபால்தான் அதை அமைத்திருந்தான். எந்தக் கூர்மையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காதுக்கு அவன் எல்லை வைக்கவில்லை.

மறுநாள் காலை, அதன் காது கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மரியகுழந்தையுடன் கேஜில் இறங்கினான். முதுகுப் பெட்டியின் மூடியைக் கழற்றி பாட்டரி ஒயரை உருவிவிட்டால் கதை முடிந்தது. ஊமையன் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தது. முதல் போல்ட்டில் ஸ்பேனர் பட்டதும் திரும்பியது. அவனை வாரி மார்போடு அணைத்துக்கொண்டது. ஸ்பேனர் நழுவித் தண்டவாளத்தடியில் விழுந்தது.

வழக்கமாக இறக்கிவிடும் இடத்தில் அவனை இறக்கவில்லை. தலையை இரண்டு பக்கமும் திருப்பியது. பிறகு கேஜுக்குள் ஏறி நின்றது.

"மேல போயிடலாம் சார். மேல போனா வுட்டுடும்" என்று மரியகுழந்தையும் தொற்றிக்கொண்டு மணியடித்தான்.

மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. ஊமையன் நிற்கவில்லை. வேணுகோபால் கத்தினான், கெஞ்சினான், பட்டறையில் அதைச் செய்யும்போது அதனிடம் பேசியதையெல்லாம் திரும்பச் சொன்னான். குவார்ட்டர்ஸ் வழியாக அது போனபோது ஜனம் கல்லெறிந்தது. அவன் மனைவி ராஜம் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அவர்கள் வீட்டெதிரே ஊமையன் ஒரு கணம் நின்றது.

அப்போதுதான் இரும்பில் அழுந்தியிருந்த அவன் காதில் அது விழுந்தது. ஆழத்தில், வெகு ஆழத்தில், காய்ந்த விறகைக் கால்முட்டில் வைத்து முறிப்பதுபோல ஒரு சத்தம். மறுபடியும். மறுபடியும். ஊமையன் நடையை எட்டிப் போட்டது.

"இன்னாங்க! எங்க தூக்கினு போவுது?" என்று கூடவே ஓடினாள் ராஜம்.

"மேஸ்திரிய ஸ்பேனர் எடுத்தாரச் சொல்லு! ஓடு!"

மரியகுழந்தை அதற்குள் பட்டறைப் பக்கம் ஓடிவிட்டிருந்தான். ராஜம் திரும்பவில்லை. பேத்தமங்களா ஏரிக்குப் போகும் சாலையில் செருப்பில்லாமல் பின்னாலேயே வந்தாள். ஊர் பின்வாங்கப் பின்வாங்க அந்த முறிகிற சத்தம் தேய்ந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் போனால் அந்தக் காதுக்கு இது கேட்காமல் போகும் என்று வேணுகோபால் கணக்குப் போட்டான்.

ஏரி வந்ததும் ஊமையன் கரையிறங்கியது. சேற்றில் கால் புதைந்தது. தண்ணீர் அதன் முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. ஒவ்வொரு எட்டுக்கும் ஓசை குறைந்தது. வேணுகோபாலின் தாடை நனைந்தபோது ஓசை சுத்தமாக அடங்கிவிட்டது. ஊமையன் அவனை மெல்ல, பத்திரமாக, தண்ணீருக்குள் இறக்கத் தொடங்கியது. பிடியை மட்டும் விடவில்லை.

சாலையில் ஒரு லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டது. மரியகுழந்தை ஸ்பேனரோடு தண்ணீரில் பாய்ந்தான். பின்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட்ட ராஜம் கணவனின் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். மூடி கழன்றதும் மரியகுழந்தை ஒயரை இழுத்தான். நீலமாக ஒரு பொறி பறந்தது. ஊமையன் அப்படியே நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக லாரியிலிருந்த கடப்பாரையால் நெம்பித்தான் அவனை வெளியே எடுக்க முடிந்தது.

கரையில் வெகுநேரம் இருமினான். பிறகு ராஜத்திடம், "நம்ம ஊட்டுக்கடியில கேட்டேன். சுரங்கத்துல கேக்குற அதே சத்தம்" என்றான்.

ராஜம் அவனை உற்றுப் பார்த்தாள். "அது காது கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே?"

"கெடல."

மரியகுழந்தை சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். அவன் வீடும் அதே வரிசையில்தான். பெண்டாட்டி கங்கம்மா இந்நேரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

"ஆபீஸ்ல சொல்லலாமா சார்?"

"சொல்றேன். நம்புவாங்களான்னு தெரியல."

அதற்குமேல் மரியகுழந்தை நிற்கவில்லை. லாரியை நோக்கி ஓடினான்.