முதலில் நீ அனுப்பு

ரஷ்ய இன்ஜின் மூன்றாவது தடத்தில் புகைந்துகொண்டு நின்றது. விடுவதா, பிடித்து வைப்பதா? ஸ்டேஷன் மாஸ்டர் குஸ்தாவ் பெத்தரைட் கைக்குட்டையைப் பிழிந்து மறுபடியும் நெற்றியைத் துடைத்தார். ஜூலை வெயில் மட்டும் காரணமில்லை.

எய்ட்கூனென் ஸ்டேஷனில் தந்தி அடிப்பவன் நான். ஜெர்மனி எங்களோடு முடிகிறது. ஓடைப் பாலத்தைத் தாண்டினால் ரஷ்யா, விர்பாலென் ஸ்டேஷன். அவர்கள் தண்டவாளம் அகலம், எங்களுடையது குறுகல். அதனால் பாலத்தில் இரண்டு தடமும் உண்டு. அவர்கள் ரயில் எங்கள் ஊர் வரை வரும், எங்கள் ரயில் அவர்கள் ஊர் வரை போகும். எப்போதும் அவர்கள் இன்ஜின் ஒன்று எங்களிடம் நிற்கும், எங்களுடையது ஒன்று அவர்களிடம். யாரும் கவலைப்பட்டதில்லை, இந்த வாரம் வரை.

இன்று ரஷ்ய ரயிலில் வர வேண்டியவள் ஹெட்விக், பெத்தரைட்டின் ஒரே மகள். ரஷ்யப் பக்கம் கோவ்னோ ஊரில் மரவியாபாரி ஒருவனைக் கட்டிக்கொண்டவள். நிறைமாதம். பிரசவத்துக்கு அப்பா வீடு வருகிறாள்.

"இன்ஜினை விடாதீங்க," என்றான் லெஃப்டினன்ட் ராட்கே. காலையில்தான் படையோடு வந்திறங்கியவன். "நாளைக்கே அதுல சிப்பாயை ஏத்திக்கிட்டு வருவான்."

"ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும்தானே தம்பி சண்டை?" என்றார் பெத்தரைட்.

"செர்பியாவுக்காக ரஷ்யா வரும். ஆஸ்திரியாவுக்காக நாம போவோம். ரஷ்யாவுக்காக பிரான்ஸ் வரும். முந்திக்கிறவன் பிழைப்பான்."

"எல்லாரும் முந்திக்கிட்டா?" வாயைக் கொடுத்தேன்.

"நீ உன் தந்தியைப் பாரு."

தந்தி தட்டியது. விர்பாலென் ஸ்டேஷன் மாஸ்டர் இக்னாத்தி: என் இன்ஜின் எங்கே?

"என்னோடதை அனுப்பட்டும், அவனோடதை விடறேன்னு அடி," என்றார் பெத்தரைட்.

"பொண்ணு வர்றதையும் சொல்லிடட்டுமா ஐயா?"

"வாயை மூடு! தெரிஞ்சா அவளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு பேரம் பேசுவான்."

"உங்க கூட வருஷக்கணக்கா டீ குடிச்ச மனுஷன் ஐயா."

"அது போன வாரம்."

பதில் வந்தது: முதலில் நீ அனுப்பு.

நீ, நீ என்று கம்பி சூடாகும்வரை அடித்தேன். கடைசியில் ராட்கே தலையசைத்தான். "சரிக்குச் சரி. ஒரே நேரத்துல கிளம்பட்டும்."

ரஷ்ய இன்ஜின் ஊதிக்கொண்டு போனது. பாலத்துக்கு அப்பால் புகை தெரிந்ததும், கூடவே மகளின் ரயிலும் வரும் என்று பெத்தரைட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். புகை நெருங்கியது.

எங்கள் இன்ஜின். தனியாக. பின்னால் ஒரு பெட்டிகூட இல்லை.

டிரைவர் கூர்ட் குதித்து இறங்கினான். "பயணிகள் ரயிலை அங்கேயே நிறுத்திட்டான் ஐயா. இன்ஜினுக்கு இன்ஜின்தானே கேட்டீங்களாம். ஹெட்விக் நடைமேடையில மூட்டை மேல உட்கார்ந்திருக்கா. கிட்டப் போக காவக்காரன் விடல. 'அப்பா என்னைக் கேட்கவே இல்லையா'ன்னு கத்தினா."

வெளியே ராட்கேயின் ஆட்கள் அகலத் தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"அடி புரூனோ. என் பொண்ணு அங்க இருக்கான்னு அடி. கெஞ்சறேன்னு அடி."

அடித்தேன். உடனே பதில்: முதலிலேயே சொல்லியிருக்கலாமே குஸ்தாவ். பாலத்துக்கு வா.

அதோடு கம்பி செத்தது.

பெத்தரைட் ஓடினார். நான் பின்னால். பாலத்தின் அந்த முனையில் இக்னாத்தி, ஒரு கையில் மூட்டை, மறு கையில் ஹெட்விக்கின் தோள். இரண்டு முனையிலும் காவல்காரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி நின்றார்கள்.

"அவன் இறக்கட்டும், நான் இறக்கறேன்," என்றான் எங்கள் பக்கத்துக் காவல்காரன். அந்தப் பக்கத்துக்காரனும் ஏதோ கத்தினான். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, ஆனாலும் புரிந்தது.

பெத்தரைட் காலை எடுத்து வைத்தார். இரண்டு துப்பாக்கியும் அவர் பக்கம் திரும்பின. நின்றுவிட்டார்.

"அடப்பாவிகளா!" ஹெட்விக் இக்னாத்தியின் கையை உதறினாள். "யார் முதல்லன்னு அப்புறமா முடிவு பண்ணுங்கடா. எனக்கு வலி எடுத்திருச்சு!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றிப் பற்றி நடந்தாள். பாதியில் குனிந்து நின்றாள். பிறகு மறுபடி நடந்தாள். அப்பாவின் மேல் முழுப் பாரத்தோடு சாய்ந்தாள்.

இக்னாத்தி மூட்டையைப் பாலத்தின் நடுவில் வைத்துவிட்டு, முகத்தை எங்கள் பக்கமே வைத்து, பின்னோக்கி நடந்து போனார். பெத்தரைட் தொப்பியைக் கழற்றினார்.

மூட்டையை எடுக்க நான்தான் போனேன். திரும்பி வரும்போதும் துப்பாக்கிகள் இறங்கவில்லை.