காலர் மெஷின்

புது அறைக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டார்கள் என்று ஸ்லீவ் வந்து சொன்னதும் வரிசையில் பாதி மெஷின்கள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின.

"நீலக் கலரு. சாஞ்சு உக்கார்ற நாற்காலி, குட்டி ஃப்ரிட்ஜ், எல்லாம் இருக்குக்கா. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா. நானே போட்டுப் பாத்தேன்."

"உனக்கு எதுக்குடி அது? மொதல்ல கல்யாணத்தப் பண்ணு," என்றாள் ஷோல்டர் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தத் தையல் கூடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டையில் எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். தோளை இணைப்பவள் ஷோல்டர் அக்கா. கை வைப்பவள் ஸ்லீவ். இருவருக்கும் நடுவில் கழுத்துப்பட்டி வைப்பவள் காலர். தாய்ப்பால் எடுப்பதற்கான அந்தப் புது அறை அவளுக்காகத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது, சட்டைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து பார்வையிட வரப்போகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. ஆனாலும் அந்தக் கூடத்தில் பால் கொடுக்கும் தாய் இப்போதைக்கு அவள் ஒருத்திதான்.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியதிலிருந்து, மதியத்துக்கு முன்பே அவளுக்கு மார்பு கல்லாகிவிடும். கழிவறையில் நின்றபடி பிழிந்து தண்ணீரோடு போகவிடுவாள். வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பாள். குழந்தை குடித்ததில் பாதியைக் கக்கிவிடும். "இப்படி நேரத்துக்கு எடுக்காம விட்டா வத்திடும்மா," என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். ஏற்கெனவே ஒரு பக்கம் குறைய ஆரம்பித்திருந்தது.

சூப்பர்வைசர் கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். வாயால் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தில் கேட்காது என்று மாட்டிக்கொண்டது.

"ரூமுக்குப் போம்மா, வேணாங்கல. ஆனா உன் மெஷின்ல துணி பண்டல் தேங்கக்கூடாது. நீ நின்னா உனக்குப் பின்னாடி மொத்த லைனும் கையக் கட்டிட்டு உக்காரும். அப்படி ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

காலர் முகம் விழுந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டே ஷோல்டர் அக்கா சொன்னாள்: "என்னடி மூஞ்சி இது? நீ வர்றதுக்கு முன்னாடி காலர் வெச்சவ யாருன்னு நெனச்ச? காலையிலேருந்து நான் கொஞ்சம் முன்னால ஓடி, ஷோல்டர அடுக்கி வெச்சிடறேன். நீ எந்திரிச்சதும் உன் ஸ்டூல்ல நான்."

"நான் துணி எடுத்துக் குடுக்கறேன்," என்று குதித்தாள் ஸ்லீவ். "அக்கா குனியவே வேணாம்."

"பாத்துக் குடு. கையக் கொண்டாந்து கழுத்துல வெச்சிடப்போறோம்."

மறுநாள் காலையில் ஷோல்டர் அக்கா தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. அவள் பக்கத்தில் பண்டல்கள் இடுப்புயரம் வந்ததும் முழங்கையால் காலரை இடித்தாள். "ஓடு!"

அறைக்குள் தாழ்ப்பாள் போட்டு, பால் எடுக்கும் பம்பைப் பொருத்தி அழுத்தினாள் காலர். ஒன்றும் வரவில்லை. காதில் மெஷின் சத்தமே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை கழுத்து போகும் என்று மனம் கணக்குப் போட்டது. அப்போது போன் அதிர்ந்தது. நாத்தனார் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணி, உங்க மகாராணிக்குக் கோவம் வந்துடுச்சு. என்னன்னு நீங்களே கேளுங்க." பின்னாலேயே குழந்தை வீறிட்டது. அந்த அழுகை முடிவதற்குள் பால் சுரந்து பாட்டிலின் அடியில் டப்டப்பென்று விழ ஆரம்பித்தது. அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

திரும்பி ஓடிவந்தபோது அவள் மெஷினில் ஒரு பண்டல்கூடத் தேங்கவில்லை. ஷோல்டர் அக்காவின் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"எவ்ளோ?"

காலர் விரலில் அளவு காட்டினாள்.

"அம்மாடியோவ்! ஊருக்கே டீ போடலாம்போல," என்றாள் ஸ்லீவ். தலையில் ஒரு குட்டு விழுந்தது. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் சிரித்தது.

அன்று இரவு குழந்தை அந்தப் பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கக்காமல் தூங்கியது. மறுநாள் காலரிடமிருந்து அதைக் கேட்டதும் வரிசைக்கே வெறி பிடித்துவிட்டது. யார் நூல் அறுந்தாலும் பக்கத்திலிருப்பவள் கை நீண்டது. அக்கா எந்நேரம் காலர் மெஷினுக்குத் தாவுகிறாள் என்று பார்க்கவே பட்டன்காரிகள் எட்டிப்பார்த்தார்கள். எந்த வரிசை எவ்வளவு தைத்தது என்று காட்டும் போர்டில் அவர்கள் வரிசைக்குப் பச்சை விளக்கு அணையவே இல்லை.

அந்த வாரக் கடைசியில், ஆபீஸிலிருந்து ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து ஷோல்டர் அக்காவின் பின்னால் நின்றார்.

"பரீட்சை வெக்கறாங்கடி," என்று அக்கா கிசுகிசுத்தாள். "தேங்குதான்னு பாக்க வந்திருக்கான். தேங்கவே விடக்கூடாது. நீ போ, நாங்க பாத்துக்கறோம்."

காலர் உள்ளே போனதும் அக்கா பறந்தாள். ஷோல்டரை முடித்து, எழுந்து, காலர் மெஷினில் உட்கார்ந்து, மறுபடி திரும்பி. ஸ்லீவ் ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக் கொடுத்தாள். ஸ்டாப்வாட்ச்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதினார். மறுபடி பார்த்தார். போகும்போது, "பிரமாதம்மா. நான் இப்படிப் பாத்ததே இல்ல," என்றார்.

அக்கா அவர் முதுகைப் பார்த்துக் கட்டைவிரலை ஆட்டினாள். "பாத்தியா? ஒரு குத்தம் சொல்ல முடியல!" டீ நேரத்தில் கண்ணாடி டம்ளர்களை இடித்துக்கொண்டு மூவரும் குடித்தார்கள்.

பார்வையாளர்கள் வரும் நாளன்று கூடம் முழுக்கக் கழுவிவிட்ட வாசனை. காலர் நேரத்துக்கு எழுந்து போனாள். இப்போதெல்லாம் பம்பைப் பொருத்தியதுமே வந்துவிடுகிறது. அன்று இரண்டு பக்கமும் ஒரேபோல் சுரந்து, பாட்டில் கழுத்துவரை நிறைந்தது. இதுவரை நிறைந்ததில்லை. அக்காவிடம் காட்டிவிட்டு அப்புறம் ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டபடி வெளியே ஓடிவந்தாள்.

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு எதிரே போனார். காலர் மெஷினை இழுத்து, ஷோல்டர் மெஷினோடு மூலையாக ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் சுழலும் ஸ்டூல் ஒன்று. அவளுடைய ஸ்டூலைக் காணோம்.

சூப்பர்வைசர் சிரித்த முகமாக வந்தார். பாட்டிலைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. அவங்க வந்து பாத்துட்டுப் போறவரைக்கும் நீ அந்த ரூம்லயே இரு. அதுக்கப்புறம் கணக்க முடிச்சுக்க ஆபீஸ்ல வந்து பாக்கச் சொன்னாங்க."

"அக்கா..." என்றாள் காலர்.

ஷோல்டர் அக்காவுக்குக் கேட்டது. ஆனால் அவள் பாதம் ஒரு பெடலிலிருந்து இன்னொரு பெடலுக்குப் போய்விட்டிருந்தது. ஸ்டூல் அவளை அந்தப் பக்கம் சுழற்றிக்கொண்டு போய், துணி ஊசிக்கடியில் நுழைந்ததும், மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தது.