கோராவின் கண்ணாடித் தெர்மாமீட்டர்

பீர் கிண்டும் துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடிதான் அண்டா வேக வேண்டும். கொலராடோ மலையில் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் வில்மாட் ஊரின் பீர் சங்கத்தில், யாரும் மீறாத விதி இது ஒன்றுதான். கோடைத் திருவிழாவுக்காகச் சங்கம் ஆண்டுக்கொரு பீப்பாய் பீர் காய்ச்சும். சீட்டுக் குலுக்கி ஒருவரிடம் துடுப்பைக் கொடுப்பார்கள். பீர் மோசமானால் மறு வருஷமும் அவரே காய்ச்ச வேண்டும். அதுவும் மோசமானால் அதன்பிறகு துடுப்பைத் தொட முடியாது. மற்றவர்கள் காய்ச்சும்போது வாளி கழுவிக்கொண்டிருக்கலாம்.

கோராவுக்கு இது இரண்டாம் முறை.

போன வருஷம் அவள் காய்ச்சியது வாயில் நிற்கவே இல்லை. இனிப்பே இல்லாமல் கசப்புத் தண்ணீராக இறங்கியது. திருவிழாவில் பாதிப் பேர் கோப்பையைப் புல்லில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தபால் நிலையத்தில்கூட, "என்ன கோரா, பாத்திரம் கழுவின தண்ணி இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் கை ராசி அப்படி என்று சங்கத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

கோரா அதை நம்பவில்லை. குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டு அடுப்பில், அதே பார்லி, அதே ஈஸ்ட், அதே அளவு போட்டுச் சின்னப் பானையில் காய்ச்சிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பீர் நல்ல கனமாக, நுரை கட்டி வந்தது. மாறியது ஒன்றே ஒன்றுதான். சங்கத்து அண்டாவில் முள் வைத்த டயல் தெர்மாமீட்டர் பதித்திருந்தது. வீட்டில் அவளிடம் இருந்தது பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர்.

மே மாதச் சனிக்கிழமை காலையில் சங்கத்தில் ஒருத்தியான லூப்பேயின் வீட்டுக் கராஜில் எல்லோரும் கூடினார்கள். வாசலோரத்தில் பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் கிடந்தது. கோரா பொடித்த பார்லியை வெந்நீரில் கொட்டி, துடுப்பால் கிண்டி, ஊறலைத் தயார் செய்தாள். டயல் முள், ஊறலுக்கு வேண்டிய நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வந்து நின்றது.

"அப்படியே நிறுத்து. அருமை," என்றான் வெண்டல். சங்கத் தலைவன். ஆறு வருஷத்துக்கு முன்புவரை கோராவின் புருஷன்.

கோரா கண்ணாடித் தெர்மாமீட்டரை ஊறலுக்குள் இறக்கிக் காத்திருந்தாள். நூற்று நாற்பது.

அடுப்பைத் தூண்டினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"சூடு பத்தல. இந்தச் சூட்டுல ஊறினா இருக்கிற இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்னுட்டுப் போயிடும். போன வருஷம் அதான் ஆச்சு."

"டயல் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"தெரியுது. அது பொய் சொல்லுது."

வெண்டல் சட்டைப் பையிலிருந்து தன் சின்ன டயலை எடுத்து ஊறலில் குத்தினான். நூற்று ஐம்பத்திரண்டு. பக்கத்தில் நின்ற கஸ்ஸும் தன்னுடையதை எடுத்துக் குத்தினான். அதுவும் அப்படியே. ஆளாளுக்கு நீட்டினார்கள். ஏழு டயல்களும் ஒரே எண்ணைக் காட்டின.

"ஏழு பேர் ஒரு பக்கம், உன் கண்ணாடிக் குச்சி ஒரு பக்கம்," என்றான் கஸ். "எதை நம்பறது, நீயே சொல்லு."

"ஏழையும் சரி பண்ணினது யாரு?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெண்டல், பீருக்குப் பேர்போன மில்வாக்கி ஏரிக்கரையில் பிறந்தவன். தாய்ப்பாலோடு பீர் குடித்தவன் என்று தானே சொல்லிக்கொள்வான். போன வருஷம் பனி விலகியதும் எல்லோருடைய டயலையும், அண்டாவில் இருந்ததையும் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, முள் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வரும்வரை பின்புறத் திருகைத் திருப்பி வைத்தவன் அவன்தான். கண்ணாடித் தெர்மாமீட்டரில் திருப்பத் திருகு கிடையாது. அதனால் அதைக் குப்பையில் போடச் சொன்னான்.

"தண்ணி இருநூத்துப் பன்னெண்டுல கொதிக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றான் இப்போது.

"ஏரிக்கரையில கொதிக்கும். இவ்வளவு உயரத்துல இருநூறுக்குள்ளயே கொதிச்சிடும். லூப்பே, நீ சொல்லு, குக்கர் இல்லாம உன் வீட்டுல பீன்ஸ் வேகுமா?"

லூப்பே சிரித்துவிட்டாள். "வேகுறதா? ஞாயித்துக்கிழமை போட்டா புதன்கிழமை சாப்பிடலாம்."

"ஏன் வேகல? தண்ணி குதிக்குது, ஆனா சூடு ஏறல. அதைப் போய் இருநூத்துப் பன்னெண்டுன்னு திருப்பி வச்சிருக்கான் இந்த மனுஷன்."

கோரா பீர் பெட்டியிலிருந்து ஐஸை வாளியில் அள்ளிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். ஒரு கையால் துடுப்பை விடாமல் பிடித்தபடி, மறு கையால் வெண்டலின் டயலையும் தன் கண்ணாடியையும் அதில் சேர்த்து நிறுத்தினாள். எல்லோரும் குனிந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் உறைகிற முப்பத்திரண்டு. டயலில் நாற்பத்து நான்கு.

"ஐஸ் எப்போடா நாப்பத்து நாலுல இருந்துச்சு?"

வெண்டலின் காது சிவந்தது. ஆனால் அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "டயல் சூட்டுக்குச் செஞ்சது. குளிர்ல முள் இறுகும்."

"பன்னெண்டு டிகிரியா இறுகும்? அண்டாவுலயும் பன்னெண்டு, வாளியிலயும் பன்னெண்டு?"

"கோரா, நீ எப்பவுமே இப்படித்தான். தோத்துட்டா சாமான் மேல பழி."

"நீ எப்பவுமே இப்படித்தான். சாமானைக் கெடுத்துட்டு என் மேல பழி. நம்ம வாஷிங் மெஷினைக் கேளு, சொல்லும்."

லூப்பே இருமலில் சிரிப்பை மறைத்தாள். வெண்டல் கையைத் தூக்கினான். ஓட்டெடுப்பு. டயல் சொல்வதுதான் சங்கத்தின் கணக்கு, கோரா அதில் நிறுத்த வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான். கஸ் வாளியை ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டும் கை தூக்கினான். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. லூப்பே மட்டும், "எனக்குக் காபி பொங்குது," என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

கோரா கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். வாளியில் முப்பத்திரண்டும் நாற்பத்து நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவற்றுக்கு மேலாகத் தூக்கிய கைகளைப் பார்த்ததும் அவள் கூச்சம் போனது. அது இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"தூக்கின கையை இறக்கிக்குங்க, வலிக்கும்," என்றாள். "ஓட்டுப் போட்டா தண்ணி சூடாகாது. துடுப்பு என்கிட்ட இருக்கு."

வெண்டல் குனிந்து அடுப்பை அணைத்தான். அவள் துடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தீக்குச்சி உரசி மறுபடி பற்ற வைத்தாள். அவன் மறுபடி கையை நீட்டினான். துடுப்பின் தட்டைப் பகுதி அவன் கைக்கும் அடுப்புத் திருகுக்கும் நடுவே வந்து நின்றது. அதிலிருந்து சூடான ஊறல் அவன் செருப்பில் சொட்டியது.

"விதியை எழுதினதே நீதான். துடுப்பு வச்சிருக்கிறவங்க அண்டாவை வேற யாரும் தொடக்கூடாது."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

டயல் நூற்று அறுபதைத் தாண்டியபோது யாரோ தலையில் அடித்துக்கொண்டார். கோரா அடியிலிருந்து மேல்வரை நிதானமாகக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் நூற்று ஐம்பத்திரண்டு வந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு, மேலே பழைய கம்பளியைச் சுற்றினாள். டயல் நூற்று அறுபத்து நான்கில் நின்றது.

"இதுக்குச் சங்கத்துப் பேரைத் தரமாட்டோம்," என்றான் வெண்டல். "பீப்பாயில உன் பேரைத்தான் எழுதுவோம். ஊரே சிரிக்கும்."

"பெருசா எழுது. போன வருஷம் உன் தப்புக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. இது என் சூடு. நல்லா வந்தாலும் என்னுது, நாசமாப் போனாலும் என்னுது."

அவன் தன் டயலை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். அவன் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். கஸ் வாசல்வரை போய், தயங்கி, ஐஸ் வாளிக்குத் திரும்பி வந்தான். தன் டயலை அதில் விட்டுப் பார்த்தான்; நாற்பத்து நான்கு. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இந்தத் திருகைத் திருப்ப உன்கிட்ட ஸ்பானர் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் கோரா. "முதல்ல அந்தக் கம்பளியை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டு. சூடு போகுது."